முகூர்த்தம் இல்லாத நாள்

உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் ஓரம் வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். இந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கிடுதேன். திருநெல்வேலிதான? நானும் அங்கதான். பயப்படாதீங்க, வழி பூரா பேசிக்கிட்டே வாற ஆளு இல்ல நான். சில பேரு இருக்கான், பக்கத்துல ஆள் உக்காந்தாப் போதும், அவன் தாத்தா சொத்துல இருந்து ஆரம்பிப்பான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தூக்கம் வந்தா நீங்க பாட்டுக்குத் தூங்குங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். உங்களை எங்கயாவது கல்யாண மண்டபத்துல இருந்து வெளிய போகச் சொல்லியிருக்காங்களா? என்னையச் சொன்னாங்க. எங்க சங்கரன்கோவில்ல, வியாபாரிகள் சங்கத்து மண்டபத்துல. அந்த மண்டபத்துக்கு முதமுதல்ல கரண்ட் குடுத்ததே நான்தான். கரண்ட் ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். கோமதிநாயகம்னு சொன்னா ஊர்ல யாருக்கும் தெரியாது, ஃபோர்மேன்னு சொல்லணும். அப்பேர்ப்பட்ட ஆளைக் கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிட்டாங்க. இத்தனைக்கும் அன்னைக்கு நான் கல்யாணத்துக்குப் போகல. என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போனேன்.

முறையாச் சொன்னாத்தான் புரியும். எங்க வீட்ல, ஆவுடைன்னு பேரு, அவளுக்கு மறதி நோய். டாக்டர் டிமென்ஷியாங்காரு. சாவியை எங்க வச்சேன்னு தேடுத மறதி இல்ல இது. சொந்த வீட்டு நடு அறையில உக்காந்துக்கிட்டு, "எப்ப வீட்டுக்குப் போவோம்"னு கேப்பா. சாயங்காலமானா மாத்துச் சேலையைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாசலுக்குக் கிளம்பிருவா. நான் வாசல்ல குறுக்க உக்காந்துருவேன். மகன் ஓசூர்ல இருக்கான். "ஆள் போடுங்கப்பா"ன்னு போன்ல சொல்லுவான். ஆள் எதுக்கு? நான் என்ன செத்தா போனேன்?

நான் வைத்தியமும் பண்ணிப் பாத்தேன். காலையில காப்பி குடுத்ததும் பரீட்சை வைப்பேன். நான் யாரு, இன்னைக்கு என்ன கிழமை, மகன் பேரு என்ன. நாம முயற்சியை விடக்கூடாதுல்லா? முதல்ல முழிப்பா. அப்புறம் அழுவா. அப்புறம் டம்ளரைத் தூக்கி எறிவா. ஆனாலும் நான் விடல. ஒரு நாள் கூட விடல.

அப்பதான் பாத்திமா சிஸ்டர் இந்த ஏற்பாட்டை ஆரம்பிச்சாங்க. பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க மாமியாருக்கும் இதே நோய் இருந்து, படாத பாடு பட்டிருக்காங்க. மறதிக்காரங்களைக் காலையில கொண்டு வந்து விட்டா, சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிடுவாங்க. வீட்டாளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைக்கும்ல, அதுக்குத்தான். இடத்துக்கு எங்க போக? வியாபாரிகள் சங்கத்துல போயிக் கேட்டிருக்காங்க. அவங்க நல்ல மனுசங்க. "கல்யாணம் இல்லாத நாள்ல மண்டபம் சும்மாதான கெடக்கு, எடுத்துக்கோங்க"ன்னுட்டாங்க.

அதனால எங்க பொழப்பு எல்லாம் தலைகீழாப் போச்சு. ஊர்ல எல்லாரும் காலண்டர்ல முகூர்த்த நாள் தேடுவான். நாங்க முகூர்த்தம் இல்லாத நாள் தேடுவோம். வைகாசி, ஆவணி வந்தா எங்களுக்குத் திண்டாட்டம். ஆடி வந்தாக் கொண்டாட்டம். பாத்திமா சிஸ்டர் தொழுகை தவறாதவங்க, ஆனா வளர்பிறை முகூர்த்தம் எது, தேய்பிறை முகூர்த்தம் எதுன்னு சட்டுன்னு சொல்லுவாங்க. கோயில் பட்டரே சந்தேகம் வந்தா அவங்களுக்குப் போன் போட்டுக் கேக்காருன்னு பேச்சு. அது உண்மையான்னு தெரியல, ஆனா நான் பத்துப் பேருட்ட சொல்லியிருக்கேன்.

பஸ் ஏன் நிக்கு? ஓ, பனவடலியா. சரி சரி.

எனக்கு அங்க விட மனசே இல்ல. நான் பாக்குத மாதிரி யாரு பாப்பா? முதல் நாள் போயி சிஸ்டர்ட்ட எல்லாம் சொன்னேன். ரசத்தை ஆத்தித்தான் குடுக்கணும். சோத்துல முருங்கைக்காய் கெடந்தா எடுத்துறணும். என் கையால குடுத்தாத்தான் திம்பா. அவங்க எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "சரி ஃபோர்மேன் சார், நீங்க போயி ரெஸ்ட் எடுங்க"ன்னாங்க. "இது அவங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்"னாங்க. எனக்கென்ன? எனக்கா மறதி?

நான் எங்கயும் போகல. ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தேன். பாத்தா, ஆவுடை நாற்காலியில நல்லா நிமிர்ந்து உக்காந்திருக்கா. சுத்தியும் முத்தியும் பாக்கா. மண்டபம், மேடை, வரிசையா நாற்காலி, அடுப்படியில இருந்து சாம்பார் வாசனை. அவ்வளவுதான், கல்யாணத்துக்கு வந்திருக்கோம்னு முடிவு பண்ணிட்டா. அவ மட்டும் இல்ல, அங்க இருந்த பூரா பேரும் அப்படித்தான். பக்கத்துல உக்காந்திருக்கவ யாருன்னு தெரியலைன்னா கல்யாண வீட்ல யாருக்கும் பயம் வராதுல்லா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா இருக்கும்னு நினைச்சுக்கிடுவோம். யாரும் யாருட்டயும் கிழமை கேக்கல. பந்தி போட்டு இலை விரிச்சாங்க. ரசத்தை யாரும் ஆத்தல. சோத்துல முருங்கைக்காய் கெடந்துச்சு. அவ பாட்டுக்கு அள்ளித் தின்னா, அண்ணாச்சி. ரெண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கினா. நான் ஜன்னல்ல நின்னு, "ஆவுடை, சக்கை தொண்டையில சிக்கிரும், பாத்து"ன்னு கத்துனேன். சிஸ்டர் வந்து ஜன்னலைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

அந்தம்மாவுக்கு எம்மேல ஒரு பொறாமை. அப்படித்தான் நினைக்கேன்.

அப்புறம் நான் எதிர்த்த டீக்கடைக்கு இடம் மாறிட்டேன். காலையில விடுவேன், கடை பெஞ்சுல உக்காந்துருவேன், சாயங்காலம் கூட்டிட்டுப் போவேன். டீக்கடைக்காரன் எனக்குன்னு தனி டம்ளரே வச்சிருந்தான். ஊடால ஊடால உள்ள போயி, ஃபேன் வேகம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, ஒண்ணு ரெண்டு குறை சொல்லிட்டு வருவேன். குறை சொல்ல ஆள் இல்லைன்னா ஒரு இடம் எப்படி உருப்படும்?

இப்ப அந்த ஆடி மாசத்துக்கு வாறேன். ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்? சிஸ்டரும் அப்படித்தான் நினைச்சாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். மாசம் பூரா மண்டபம் நமக்குன்னு மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை கூடக் கேக்கல. ஆனா எங்க ஊரு ஜெபராஜ் வாத்தியாருக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? வேதக்காரங்க பஞ்சாங்கமா பாப்பாங்க? மகளுக்குக் காலையில சர்ச்சுல கல்யாணம், மத்தியானம் நம்ம மண்டபத்துல சாப்பாடுன்னு ஏற்பாடு பண்ணிட்டாரு. இது எங்க ரெண்டு பேர் புத்திக்கும் எட்டல.

நான் பெஞ்சுல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன், வேன் வேனா வந்து நிக்கு. பூமாலை இறங்குது, கூட்டம் இறங்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ்வளவு கூட்டத்துல ஆவுடை தொலைஞ்சு போனா? பேப்பரைப் போட்டுட்டு ஓடுதேன். கைலியோட. ஓடிப் போயி பாத்தா, வாசல்ல பன்னீர்ச்செம்பை வச்சுக்கிட்டு நிக்கா என் பொண்டாட்டி. வாறவன் போறவனுக்கெல்லாம் பன்னீர் தெளிச்சு, சந்தனம் நீட்டி, "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்"ங்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணோட பெரியம்மான்னு நினைச்சு அவளைக் கும்புடுதாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளையோட அத்தைன்னு நினைச்சுக் கும்புடுதாங்க. அவ முகத்தைப் பாக்கணுமே. அப்படி ஒரு சிரிப்பை எங்க வீட்டுக்குள்ள நான் பாத்து எத்தனையோ காலமாச்சு.

நான் என்ன பண்ணேன்? கையைப் பிடிச்சு இழுத்தேன். "வா, வீட்டுக்குப் போவோம்"னேன். நியாயந்தான? வேத்து ஆள் வீட்டு விசேஷத்துல இவளுக்கு என்ன வேலை?

அவ அலறிட்டா. "ஐயோ, யாருன்னே தெரியல, கையைப் பிடிச்சு இழுக்கான்"னு ஒரே சத்தம். அவ்வளவுதான், மாப்பிள்ளைக்குக் கூட்டாளிக ரெண்டு பேரு, நல்லா வாட்டசாட்டமா, என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டானுக. "என் பொண்டாட்டிடா"ன்னு கத்துதேன். கைலி கட்டின கெழவன் சொன்னா எவன் நம்புவான்? அதுல ஒருத்தன் மரியாதைக்காரன். அவட்டயே போயி, "அம்மா, இவரு உங்க வீட்டுக்காரரா?"ன்னு கேட்டான்.

அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. நிதானமாத்தான் பாத்தா. "இல்லய்யா. எங்க வீட்டுக்காரங்க கரண்ட் ஆபீஸ்ல இருக்காங்க. இந்நேரம் டூட்டிக்குப் போயிருப்பாங்க. அவங்க ரொம்ப கண்ணியமான ஆளு, பொம்பளையாளுக மேல கை வைக்க மாட்டாங்க"ன்னா.

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோசப்படவா, சண்டை போடவான்னு தெரியல. டூட்டி ஞாபகம் இருக்கு, ஆளு ஞாபகம் இல்ல.

சிஸ்டர் ஓடியாந்து விவரம் சொன்னப்புறம்தான் என்னைய விட்டாங்க. பொண்ணோட அம்மா தங்கமான மனுசி. விசயத்தைக் கேட்டதும், "அவங்களே வாசல்ல நிக்கட்டும், எனக்கு ஒரு ஆள் மிச்சம்"னுட்டாங்க. ஆவுடை பந்தி முடியுத வரைக்கும் வரவேற்பு பண்ணியிருக்கா. சிஸ்டரோட மத்த ஆளுக எல்லாரும் முதல் பந்தியில பிரியாணி சாப்பிட்டாங்க. பின்னால எங்களுக்கு ஒரு போட்டோ குடுத்து விட்டாங்க. அதுல பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஆவுடை ராணி மாதிரி நிக்கா. ஓரத்துல நானும் இருக்கேன், ரெண்டு பேரு பிடிச்சிருக்காங்க.

சாயங்காலம்தான் சிஸ்டர் கூப்பிட்டு உத்தரவு போட்டாங்க. "ஃபோர்மேன் சார், இனிமே கேட்டுல விட்டுட்டு நீங்க போயிறணும். உள்ள வரக்கூடாது. டீக்கடையிலயும் உக்காரக்கூடாது. நீங்க அவங்களை நல்லா பாத்துக்கிடுதீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா உங்களைப் பாத்தாலே அவங்களுக்குப் பரீட்சை ஞாபகம் வருது"ன்னாங்க. இது என்ன பேச்சு? பரீட்சை மறக்காதாம், என்னைய மட்டும் மறந்துருவாளாம். நான் சங்கத் தலைவர் வரைக்கும் போயிப் புகார் சொன்னேன். அவரு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சுட்டாரு.

மறுநாள் கேட்டுல விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். வீடு அப்படியே கெடந்துச்சு. குறுக்க உக்கார வாசல் இருக்கு, வெளிய போக ஆள் இல்ல. சும்மா தரையில சாஞ்சேன் பாருங்க, லேசாக் கண் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா பொழுது அடைஞ்சிருக்கு. அடிச்சுப் பிடிச்சு மண்டபத்துக்கு ஓடினா, அவ வெத்தலை மடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கா. என்னையத் தேடவே இல்லையாம். சிஸ்டர் என் முகத்தைப் பாத்துட்டு, "நல்லா தூங்கினீங்களா சார்?"ன்னு கேட்டாங்க. "யாரு தூங்குனா? தலைக்கு மேல வேலை"ன்னேன்.

இப்ப இந்தப் பையைப் பத்திச் சொல்லணும். ஆஸ்பத்திரியில தங்குததுக்கு மாத்துத் துணிதான். எனக்கு ரொம்ப நாளாக் குடலிறக்கம். அவளைத் தூக்கி உக்கார வச்சு, தூக்கிப் படுக்க வச்சு வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு சமாளிச்சுட்டேன். பகல்ல நேரம் கெடைக்கப் போயி, சும்மா டாக்டர்ட்டப் போனேன். அவரு தொட்டுப் பாத்துட்டு, "இதை வச்சுக்கிட்டா நடமாடுதீரு? குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்துய்யா. உடனே ஆபரேஷன் பண்ணணும்"னு சத்தம் போட்டாரு. ஆஸ்பத்திரியில தங்கணுமாம். அப்புறமும் கனம் எதுவும் தூக்கக் கூடாதாம். ராத்திரி அவளை யாருட்ட விட? முடியாதுன்னுட்டு வந்துட்டேன். நான் போயிட்டா அவ கதி என்னன்னு தோணுச்சு. நான் ஆஸ்பத்திரியில கெடந்தா அவ கதி என்னன்னும் தோணுச்சு. ரெண்டையும் நினைச்சு நினைச்சு ராத்திரி பூரா மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு கெடப்பேன்.

கடைசியில ஒரு யோசனை பண்ணேன். மண்டபத்துல மணமகள் அறை இருக்குல்லா, ஏசி, கட்டில், ஒட்டுன மாதிரி பாத்ரூம். முகூர்த்தம் இல்லாத நாள்ல ராத்திரியும் தங்க வச்சா என்ன? சிஸ்டர்ட்ட சொன்னேன். சிஸ்டர் அதுக்கு முந்தியே சங்கத்துல பேசி, கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டு, ராத்திரி நிக்க ரெண்டு பொம்பளையாளுக்குப் பழக்கம் குடுத்து வச்சிருந்தாங்கங்கது உண்மைதான். அந்த அறை பெரிய கண்ணாடியில தன்னையே பாத்து மிரளுவாங்கன்னு அதை மூட ஜமுக்காளம் கூடத் தச்சு வச்சிருந்தாங்க. ஆனா யோசனை என்னோடது.

ஆடியும் புரட்டாசியும் போயாச்சு, இனி ஒரு மாசம் பூரா மண்டபம் கெடைக்குதது மார்கழியிலதான். ஊரே தை பிறக்கட்டும்னு காத்துக் கெடக்கும். நாங்க மார்கழிக்குக் காத்துக் கெடந்தோம். இந்தத் தடவை மேனேஜர்ட்டயும் கேட்டு, மூணு சர்ச்சுலயும் விசாரிச்சாச்சு.

மானூர் வந்துட்டா? இன்னும் கொஞ்ச தூரம்தான். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.

இன்னைக்கு அவளைக் கொண்டு போயி விட்டேன். வழி பூரா மனசுக்குள்ள ஒத்திகை பாத்தேன். ஆவுடை, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீ இங்க தங்கணும், பயப்படாத, நான் வந்துருவேன். இதைச் சொல்லாமப் போக எனக்கு மனசு கேக்கல. சிஸ்டர் கேட்டுலயே சாடை காட்டிட்டாங்க, ஒண்ணும் சொல்லாதீங்கன்னு. நான் சும்மா நிக்கேன். அதுக்குள்ள அவ உள்ள போயி, பட்டுச் சேலையை இழுத்துச் சொருகிட்டு, சிஸ்டர் அவளுக்குன்னே வாங்கி வச்சிருக்க பன்னீர்ச்செம்பை எடுத்துட்டு வாசலுக்கு வந்துட்டா. எம்மேலயும் தெளிச்சா.

"வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா?"ன்னா.

வழக்கமா நான் என்ன செய்வேன்? நான் யாரு சொல்லுன்னு ஆரம்பிப்பேன். இன்னைக்கு வாய் வரல அண்ணாச்சி. "சாப்பிட்டேன்மா. கிளம்பணும்"னேன்.

"அதுக்குள்ளயா? வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"அவளால வர முடியல"ன்னேன்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு விசேஷ வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா. ராத்திரி அங்கதான் தங்கணும். புது இடம். பயப்படுவாளோன்னு எனக்குக் கவலையா இருக்கு."

அவ செம்பைக் கீழ வச்சா. கிட்ட வந்தா. குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரங்கட்ட சொல்லுத மாதிரி சொன்னா. "விசேஷ வீட்ல என்ன பயம்? நாலு பொம்பளையாளுக சேந்துதான படுப்போம். நான் பக்கத்துலயே படுத்துக்கிடுதேன், நல்லா பாத்துக்கிடுதேன்னு அவங்கட்ட சொல்லுங்க. நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

"சொல்லுதேன்மா"ன்னு ஒத்துக்கிட்டு வந்து பஸ் ஏறிட்டேன். ஏறின உடனே அழுதேன், அதை ஏன் மறைக்கணும். நீங்க ஏறுததுக்கு முந்தி.

இதோ, இறங்க வேண்டிய இடம் வந்துட்டு. மடியில இருக்க பையைக் கொஞ்சம் கீழ இறக்கிக் குடுங்க, கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆபரேஷனெல்லாம் ஒண்ணும் ஆகாது, அண்ணாச்சி. ஆகவும் கூடாது. ஊருக்குத் திரும்பிப் போனதும் அவட்ட சொல்ல வேண்டிய சேதி ஒண்ணு இருக்கு. மண்டபத்துல ஒரு அம்மா இருக்காங்க, உன்னைய நல்லா பாத்துக்கிடுதேன்னு எங்கிட்ட சொன்னாங்கன்னு.